ஒரு சிறுவன் யாரால் ஆளாகிறான்? டிக்கன்ஸின் பிப்பை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதையின் இளம் நாயகனை வளர்ப்பது வீடா, கூட்டாளிகளா என்ற கேள்வி நாவல் படிப்பவர்களிடமும் நாவல் எழுத முனைபவர்களிடமும் திரும்பத் திரும்ப எழுகிறது. பொதுவாகப் பேசினால் அந்தக் கேள்வி காற்றில் போய்விடும் என்பதால், இங்கே ஒரே ஒரு சிறுவனைப் பிடித்துக்கொண்டு பதில் தேடப்படுகிறது. அவன் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் பிப்.

நாவலைப் படிக்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டிக்கன்ஸ் தாமே நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்ற வார இதழில் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை இது தொடராக வந்தது. இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில், தேம்ஸ் நதியையொட்டிய சதுப்பு நிலத்துக் கிராமத்தில், தாய் தந்தையற்ற பிப் தன் அக்காள் வீட்டில் வளர்கிறான். அக்காளின் கணவர் ஜோ கார்ஜரி கொல்லுப்பட்டறை வைத்திருப்பவர். தப்பி வந்த கைதி ஒருவனுக்கு, பயத்தினால், வீட்டிலிருந்து உணவும் ஓர் அரமும் திருடிக் கொடுக்கிறான் பிப். பிறகு, திருமண நாளன்று கைவிடப்பட்டு அன்றைய மணக்கோலத்திலேயே உறைந்துபோன மிஸ் ஹாவிஷம் என்ற பணக்காரச் சீமாட்டியின் மாளிகைக்கு விளையாட அழைக்கப்பட்டு, அவள் வளர்ப்பு மகள் எஸ்டெல்லாவிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். சில ஆண்டுகளில், பெயர் சொல்ல விரும்பாத ஒருவரின் பணம் அவனை லண்டனுக்கு அனுப்பிக் கனவானாக்குகிறது. அந்தப் பணம் சீமாட்டியுடையது என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு, அது அந்தப் பழைய கைதி மேக்விச் அனுப்பியது என்று 23 வயதில் தெரியவருகிறது. மீதிக் கதை, அதைத் தாங்கிக்கொள்ள அவன் கற்பதுதான்.

'வளர்ச்சி நாவல்' என்று இவ்வகையைச் சொல்கிறார்களே, அது என்ன?

இளமையிலிருந்து முதிர்ச்சிக்கு ஒருவர் வந்துசேரும் வழியையே கதையாகக் கொண்ட நாவல். ஜெர்மானியர்கள் 'பில்டுங்ஸ்ரோமான்' என்பார்கள். 1795–96இல் வெளிவந்த கெதேயின் 'வில்ஹெல்ம் மைஸ்டர்' இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. இந்தப் பெயரில் ஒரு சிறு தொல்லை உண்டு: நாயகன் ஒரு செடி போலத் தானாக வளர்கிறான், சுற்றியுள்ளவர்கள் வெயிலும் நீரும் மட்டுமே என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. பிப்பின் கதையில் அப்படி நடப்பதில்லை. அவனைச் சுற்றியுள்ள ஒவ்வொருவரும் அவனை ஒன்றாக ஆக்கப் பார்க்கிறார்கள். அக்காள் நன்றியுள்ள பிள்ளையாக, எஸ்டெல்லா பட்டிக்காட்டானாக, மேக்விச் கனவானாக. அவன் வளர்கிறானா என்பதைவிட, இவர்களில் யாருடைய கணக்கைத் தன் கணக்காக எடுத்துக்கொள்கிறான் என்பதே கதை.

பெற்றோரே இல்லாத சிறுவனிடம் குடும்பத்தின் தாக்கத்தை எப்படிக் காண்பது?

நாவலின் முதல் பக்கத்திலேயே காணலாம். தாய் தந்தையின் முகத்தைக் கண்டிராத பிப், கல்லறைக் கல்லில் வெட்டப்பட்ட எழுத்துகளின் வடிவத்தைக் கொண்டு அவர்களைக் கற்பனை செய்கிறான். அப்பாவின் பெயரிலுள்ள எழுத்துகள் சதுரமாகவும் தடிமனாகவும் இருப்பதால் அவர் கட்டைகுட்டையாக, கருத்த சுருட்டை முடியோடு இருந்திருப்பார் என்று தீர்மானிக்கிறான். 'மேற்படியாரின் மனைவி' என்ற பொருளில் பொறித்திருக்கும் சொற்களைப் பார்த்து, அம்மா முகத்தில் புள்ளிகள் விழுந்த நோயாளி என்று முடிவுகட்டுகிறான். பக்கத்தில் இறந்துபோன ஐந்து தம்பி அண்ணன்மாருக்கு ஐந்து சிறு கற்கள். இல்லாத குடும்பத்தையும் ஒரு குழந்தை கட்டிக்கொள்ளாமல் விடாது என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொன்ன தொடக்கத்தை நான் படித்ததில்லை.

இருக்கிற குடும்பம் அக்காள். இருபது வயதுக்கு மேல் மூத்தவள். 'என் கையால் வளர்த்தேன்' என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமை தேடிக்கொள்பவள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அதற்குத் தாய்ப்பாலின்றி ஊட்டி வளர்த்தேன் என்று பொருள். பிப்போ, அவள் கை எவ்வளவு கனமானது என்பதை நன்கறிந்தவனாதலால், அதை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறான். நம் வீடுகளில் 'உன்னை வளர்த்து ஆளாக்கியதற்கு இதுதானா' என்று ஆரம்பிக்கும் பேச்சு எப்படிப் போகும் என்பது தெரிந்தவர்களுக்கு இந்த அக்காளை விளக்கத் தேவையில்லை. அவள் அடியைவிட ஆழமாக அவனிடம் தங்கிவிடுவது அந்தக் கணக்குச் சொல்லும் குரல்தான். தான் பிறந்ததே ஒரு குற்றம் என்பதுபோல் எதற்கும் குற்றவுணர்ச்சி கொள்ளும் சுபாவம் அவனுக்கு அங்கிருந்து வருகிறது.

ஜோ அவனுக்குத் தந்தையா, நண்பனா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதற்குக் காரணம், நாவல் இரண்டையும் சொல்வதுதான். உறவுமுறையில் அவர் அக்காள் கணவர். தமிழ்ப் பிள்ளையாக இருந்தால் 'அத்தான்' என்று கூப்பிட்டிருப்பான். அந்த ஒரு சொல்லிலேயே பாதி உரிமையும் பாதி கேலியும் வந்து உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் அந்த வசதியில்லை. அவன் 'ஜோ' என்கிறான். அவரும் அவனை ஒத்த வயதுக்காரனைப் போல அழைக்கிறார். அக்காளின் பிரம்புக்கு இருவரும் சேர்ந்தே அஞ்சுகிறார்கள். ரொட்டித் துண்டை யார் எவ்வளவு கடித்தோம் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். குடும்பத்துக்குள்ளேயே இருக்கும் கூட்டாளி அவர்.

நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது கிறிஸ்துமஸ் விருந்துக் காட்சி. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லாரும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி கிடையாது என்று முறைவைத்துப் பிப்பைக் குத்துகிறார்கள். ஜோ வாய் திறப்பதில்லை. திறக்கும் துணிவு அவருக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தடவை, கரண்டியால் கிரேவியை எடுத்துப் பையனின் தட்டில் ஊற்றுகிறார். பேச்சு கடுமையாக ஆக, தட்டில் குழம்பு ஏறிக்கொண்டே போகிறது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்பு செலுத்தத் தெரிந்த, காப்பாற்றத் தெரியாத ஒரு மனிதரிடம் ஒரு பிள்ளை எதைக் கற்கும் என்று யோசித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஜோ ஏன் அப்படியிருக்கிறார் என்பதற்கும் டிக்கன்ஸ் ஒரு குடும்பக் கதை வைத்திருக்கிறார். ஜோவின் தந்தை குடிகாரர். தாயையும் மகனையும் அடித்து நொறுக்கியவர். தாய் பட்ட பாட்டைக் கண்ட ஜோ, ஒரு பெண்ணுக்குத் தீங்கு செய்யும் பக்கம் தவறுவதைவிட, தானே சிரமப்படும் பக்கம் தவறுவது மேல் என்று முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவின் விலையில் ஒரு பங்கைப் பிப்பும் தன் முதுகில் கொடுக்கிறான். ஒரு தலைமுறையின் நல்ல தீர்மானம் அடுத்த தலைமுறைக்குச் சுமையாகும் விதத்தை இவ்வளவு நிதானமாகச் சொல்லும் நாவல்கள் குறைவு.

கூட்டாளிகளின் தாக்கம் எங்கே தொடங்குகிறது?

ஒரு சீட்டாட்டத்தில். மிஸ் ஹாவிஷத்தின் இருண்ட அறையில் எஸ்டெல்லாவோடு விளையாட உட்காரும் பிப், சீட்டுகளில் ஒன்றைத் தன் ஊர் வழக்குப்படி 'ஜாக்' என்கிறான். கனவான்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர். அவள் அதைச் சொல்லிக் கேலி செய்துவிட்டு, அவன் கைகளின் சொரசொரப்பையும் காலணியின் முரட்டுத்தனத்தையும் சேர்த்துக் குறிப்பிடுகிறாள். வாக்கியம் ஒன்றிரண்டுதான். வெளியே வந்ததும் அவன் தன் கைகளைப் பார்க்கிறான், காலணியைப் பார்க்கிறான். அதற்கு முன் அவை அவனை உறுத்தியதே இல்லை. ஜோ தன்னை இன்னும் நாசூக்காக வளர்த்திருக்கக் கூடாதா என்ற நினைப்பு அப்போதே வந்துவிடுகிறது.

என் பதிலின் மையம் இந்த இடம்தான். அக்காள் வருடக்கணக்கில் அடித்தும் செய்ய முடியாததை, கிட்டத்தட்டத் தன் வயதுடைய ஒரு சிறுமி ஒரு பிற்பகலில் செய்துவிடுகிறாள். அடி அவனுக்கு வலியைத் தந்தது. கேலி அவனுக்குக் கண்ணாடியைத் தந்தது. குடும்பம் ஒரு பிள்ளைக்கு உடம்பையும் மொழியையும் பழக்கத்தையும் தருகிறது. அவற்றுக்கு என்ன மதிப்பு என்பதை அந்தப் பிள்ளை பெரும்பாலும் சம வயதுக்காரர்களின் பார்வையிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. ஆகவே, இளம் நாயகன் எங்கே நிற்கிறான் என்பதை அளக்க நான் பயன்படுத்தும் கோல் ஒன்றே: இந்த அத்தியாயத்தில் அவன் எதற்காக, யார் முன் கூசுகிறான்?

வீடு திரும்பிய பிப், மாளிகையில் கண்டதைச் சொல்லாமல், வெல்வெட் கோச்சு வண்டி, வெள்ளிக் கூடையிலிருந்து இறைச்சி தின்னும் பெரிய நாய்கள் என்று அளந்துவிடுகிறான். பிறகு ஜோவிடம் மட்டும் பொய்யை ஒப்புக்கொள்கிறான். அந்த வயதில், ஜோ முன் பொய்யனாக இருக்கக் கூசுகிறான். பத்தாண்டு கழித்து, லண்டனில், ஜோவே ஒரு கூச்சமாகிவிடுவார்.

லண்டனில் ஜோ வந்து பார்க்கும் காட்சி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பிப் தன்னைப் பற்றியே சொல்லும் ஒரு வாக்குமூலத்துக்காக. பணம் கொடுத்து ஜோவை வராமல் தடுக்க முடிந்திருந்தால் கட்டாயம் கொடுத்திருப்பேன் என்று ஒப்புக்கொள்கிறான். ஜோ தம் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்பு மாடத்தின் விளிம்பில் வைக்கிறார்; அது விழுந்துகொண்டே இருக்கிறது; அவர் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறார். பேச்சில் ஒரு நேரம் பழைய உரிமையோடு 'பிப்' என்கிறார், மறு நேரம் 'ஐயா' என்கிறார். இதைத் தமிழாக்குபவருக்கு 'நீ', 'நீங்கள்' என்ற இரண்டு சொற்கள் போதும். ஜோ தடுமாறும் ஒவ்வொரு தடவையும் வாசகருக்கு வலிக்கும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பிப் கூசுவது அறைத்தோழன் ஹெர்பர்ட்டின் முன் அல்ல. ஹெர்பர்ட் ஜோவைப் பார்த்தால் அவனுக்குக் கவலையில்லை. பென்ட்லி டிரம்மில் என்ற முரட்டுப் பணக்காரன் பார்த்துவிடக் கூடாது என்பதே அவன் அச்சம். அந்த டிரம்மிலையோ அவன் அடியோடு வெறுக்கிறான். நாம் யாரைத் துளியும் மதிப்பதில்லையோ, அவர் கண்ணுக்குப் பயந்தே நம் மிகக் கீழ்மையான காரியங்களைச் செய்கிறோம் என்று பிப்பே சொல்லிக்கொள்கிறான். கூட்டாளிகளின் செல்வாக்கு என்றால் பிரியமான நண்பர்களின் செல்வாக்கு என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை மறுபடி படிக்க வேண்டும்.

ஹெர்பர்ட் பாக்கெட் நல்ல நண்பன் என்பதைத் தாண்டி என்ன செய்கிறான்?

நிறையச் செய்கிறான். அவன் முதலில் அறிமுகமாவது சண்டையில். மாளிகைத் தோட்டத்தில் திடீரென்று பிப்பைக் குத்துச்சண்டைக்கு அழைத்து, விதிமுறையெல்லாம் சரியாகக் கடைப்பிடித்து, ஒவ்வொரு சுற்றிலும் கீழே விழும் வெளிறிய பையன். ஆண்டுகள் கழித்து லண்டனில் சந்திக்கும்போது, அன்று உன்னை அப்படிப் போட்டு அடித்ததற்கு மன்னித்துக்கொள் என்கிறான், அடிபட்டது தான்தான் என்ற நினைவே இல்லாமல். தோல்வியைத் தன்மேல் ஒட்டவிடாத அந்தச் சுபாவம், எதையும் ஒட்டவைத்துக்கொள்ளும் பிப்புக்கு நேர் எதிரானது.

முதல் இரவு உணவில் பிப் தன் மேசைப் பழக்கத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கிறான். ஹெர்பர்ட் மிஸ் ஹாவிஷத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே, நடுநடுவே, லண்டனில் விபத்து நேரக்கூடும் என்பதற்காகக் கத்தியை வாய்க்குள் வைப்பதில்லை, கரண்டியை இப்படிப் பிடிப்பதில்லை, கோப்பையை மூக்கில் கவிழ்க்கும் அளவுக்குச் சாய்க்க வேண்டியதில்லை என்று சொல்லிச் சொல்லி, கதைக்குத் திரும்பிவிடுகிறான். எஸ்டெல்லா குத்திக்காட்டியதும் இதே பட்டிக்காட்டுத்தனத்தைத்தான். அவள் கையில் அது காயமானது. இவன் கையில் வெறும் தகவலாகிவிடுகிறது. பிப்பின் முழுப்பெயரான 'பிலிப்' பிடிக்கவில்லை என்று, கொல்லன் ஒருவனைத் தலைப்பில் வைத்த ஹாண்டெலின் இசையை நினைத்து, 'ஹாண்டெல்' என்று புதுப்பெயரும் வைக்கிறான். பட்டறையின் நினைவை மறைக்காமலே அதற்கு மரியாதை கொடுத்த பெயர் அது.

ஆனால் ஹெர்பர்ட்டைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். இருவரும் சேர்ந்துதான் கடனில் மூழ்குகிறார்கள். சீரான தாளில் கடன்களை அழகாகப் பட்டியலிட்டு, மொத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டு, அந்த இடைவெளி வரைக்கும் மறுபடி கடன் வாங்குகிறார்கள். நல்ல நண்பன் கெட்ட பழக்கத்துக்கும் துணையாவான் என்பதில் டிக்கன்ஸுக்கு மயக்கம் இல்லை. அந்த நட்பின் பலன் வேறு திசையில் விளைகிறது: 21ஆம் பிறந்தநாளில் வந்த 500 பவுண்டில் பாதியைக் கொண்டு, ஹெர்பர்ட்டுக்குத் தெரியாமலே அவனுக்கு ஒரு வணிக நிறுவனத்தில் பங்குக்கு வழிசெய்கிறான் பிப். அவன் கனவானாக இருந்த காலத்தில் செய்த உருப்படியான ஒரே காரியம் அதுதான். கடைசியில் அவனுக்கே சோறு போடுவதும் அந்த நிறுவனம்தான்.

மற்றக் கூட்டாளிகள்?

பிட்டி அவனுக்கு எழுத்தறிவித்தவள். அவனைப் பற்றிய உண்மையை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவள். அதனாலேயே அவன் கண்ணுக்குப் படாமல் போனவள். ஜோவின் பட்டறைக் கூலியாள் ஆர்லிக், பிப்புக்குள் இருந்து வெளியே வராத வன்மமெல்லாம் ஆளுருக் கொண்டது போன்றவன்.

தையற்காரர் டிராபின் கடைப் பையனை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். புது உடுப்பில் ஊர்த் தெருவில் நடந்துவரும் பிப்பைக் கண்டு, பிரமிப்பில் நடுங்குவதாக நடிக்கிறான். சந்து வழியாக ஓடி மறுபடி எதிரே வந்து நடுங்குகிறான். மூன்றாம் தடவை, தன் நீலப் பையை மேலங்கி போலப் போர்த்திக்கொண்டு, யாரையும் தெரியாதவன் போலக் கையை வீசிக்கொண்டு பிப்பின் நடையையே நடந்து காட்டுகிறான். ஊர் சிரிக்கிறது. தண்டிக்க முடியாத, பதில் சொல்ல முடியாத கேலி. பின்னால் ஆர்லிக் பிப்பைச் சுண்ணாம்புச் சூளைக்குப் பக்கத்தில் கொல்லப் பார்க்கும் இரவில், மீட்க வந்தவர்களுக்கு வழிகாட்டியவனும் இதே பையன்தான்.

மேக்விச்சைக் குடும்பம் என்று கொள்ளலாமா?

அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்: நான் உன் இரண்டாவது தகப்பன். ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்த்துச் சேர்த்ததையெல்லாம், அன்று சதுப்பு நிலத்தில் உணவு கொண்டுவந்த பொடியனைக் கனவானாக்கச் செலவழித்தவர். அவர் தொடும்போது பிப் அருவருப்பில் சுருங்குகிறான். இங்கே அவன் கூச்சம் உச்சத்தைத் தொடுகிறது: தன் நாகரிகம் முழுவதும் ஒரு கைதியின் காசு.

மேக்விச்சின் பிள்ளைப்பருவம் சில பக்கங்களில் வருகிறது. தன்னைப் பற்றிய அவரது முதல் நினைவு, எஸ்ஸெக்ஸில் பசிக்கு டர்னிப் கிழங்கு திருடியது. உடனிருந்த ஒரு ஈயம் பூசுபவன் நெருப்பையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போக, குளிரில் விடப்பட்டிருக்கிறார். வீடும் இல்லை, கூட்டாளியும் இல்லை. அவரை வளர்த்தது சிறைச்சாலைகள். ஜோ என்ற ஒருவர் இல்லாமல் போயிருந்தால் பிப் என்னவாகியிருப்பான் என்பதற்கு டிக்கன்ஸ் வைத்திருக்கும் விடை அது.

தேம்ஸில் படகேறித் தப்பும் முயற்சி தோற்று, காயத்தோடு பிடிபட்டு, நீதிமன்றத்தில் மரண தண்டனை கேட்கும் மேக்விச்சின் கையைப் பிப் எல்லாரும் பார்க்கப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஜோவின் தொப்பியை டிரம்மில் பார்த்துவிடுவானோ என்று நடுங்கியவன் இவன். நாவலைப் பற்றிப் பேசும்போது, முதல் அத்தியாயத்துக் கைதியை 'அவன்' என்று தொடங்கும் நான், இந்த இடத்துக்கு வரும்போது என்னையறியாமல் 'அவர்' என்றுதான் சொல்கிறேன். பிப்பும் அப்படித்தான் மாறுகிறான்.

பெண் பிள்ளையின் வளர்ச்சி இதில் இருக்கிறதா?

எஸ்டெல்லாவின் வளர்ப்பு, கூட்டாளிகளே இல்லாத வளர்ப்பு. ஆண்களைப் பழிவாங்கும் கருவியாகவே மிஸ் ஹாவிஷம் அவளை உருவாக்குகிறாள். பிப் அவளுக்குத் தோழனாக அல்ல, பயிற்சிப் பொருளாகத்தான் வரவழைக்கப்படுகிறான். பிறகு ஒரு நாள், தன்மீதும் அன்பில்லையே என்று வளர்ப்புத் தாய் அழும்போது, எஸ்டெல்லா பதறாமல் ஒரு கேள்வி கேட்கிறாள்: ஒரு பெண்ணைப் பகல் வெளிச்சம் என்று ஒன்று இருப்பதாகவே சொல்லாமல் இருட்டறையில் வளர்த்துவிட்டு, திடீரென்று பகலைப் புரிந்துகொள் என்றால் எப்படி? வளர்த்தவரிடம் வளர்ந்தவர் கேட்கும் கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது நாவலில் வேறில்லை. அவள் உள்மனத்துக்குள் டிக்கன்ஸ் இன்னும் அதிகம் போயிருக்கலாம் என்பது என் குறை.

டிக்கன்ஸின் சொந்த வாழ்க்கைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் இந்தக் கூச்சம் என்ற இடத்திலேயே உண்டு. 1824இல், கடனுக்காகத் தந்தை மார்ஷல்ஸீ சிறையில் அடைக்கப்பட, 12 வயது சார்லஸ் ஒரு காலணி மை ஆலையில் புட்டிகளுக்குத் தாளொட்டும் வேலைக்குப் போனார். அங்கே பாப் ஃபேகின் என்ற பையன் அவரிடம் பரிவாக இருந்தான். ஒரு நாள் சார்லஸுக்கு உடம்பு முடியாமல் போக, வீடு வரை கொண்டுவிடுகிறேன் என்று கூடவே நடந்தான். தன் குடும்பம் இருப்பது சிறையில் என்று சொல்ல முடியாத சார்லஸ், சவுத்வர்க் பாலத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டைத் தன் வீடென்று காட்டி, படியேறி, அவன் திரும்பிப் பார்த்தால் நம்பட்டும் என்று கதவையும் தட்டினார். தந்தை விடுதலையான பிறகும் மகன் வேலைக்கே போகட்டும் என்று தாய் விரும்பியதை அவர் மறக்கவேயில்லை. இவையெல்லாம் வாசகர்களுக்குத் தெரியவந்தது அவர் இறந்த பிறகு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலம்.

உதவிய பையனின் பெயரை 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலின் திருட்டுக் கிழவனுக்கு ஏன் வைத்தார் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

தமிழில் இப்படிப்பட்ட கதைகள் உள்ளனவா?

உள்ளன, எடை மட்டும் வேறு வேறு இடத்தில் விழுகிறது. பூமணியின் 'வெக்கை'யில் (1982), அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடும் 15 வயதுச் சிதம்பரத்தோடு தகப்பனும் காட்டுக்குள் வருகிறார். கண்டிக்கும் குடும்பத்தையே படித்துப் பழகியவர்களுக்கு, கூடவே ஓடிவரும் குடும்பம் புதிது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வீடாக இருக்கிறார்கள். ஆனால் அவர்களோடு விளையாடும் ஒருவன் பண்ணையக்காரர் மகன். விளையாட்டின் நடுவிலேயே அவன் எசமானாகிவிடக்கூடும்.

கூச்சம் என்ற கோலை வைத்துப் பார்த்தால், அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) முன்னுக்கு வந்து நிற்கும். செகந்திராபாத்தில் கிரிக்கெட்டும் கல்லூரியுமாக இருக்கும் சந்திரசேகரன், 1948இல் ஹைதராபாத் இந்தியாவோடு சேர்க்கப்படும் நாட்களின் கலவரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைய நேர்கிறது. தன் குடும்பத்தை விட்டுவிடும்படி ஒரு முஸ்லிம் பெண் அவன் முன் ஆடையைக் களைந்து நிற்கிறாள். அவன் ஓடுகிறான். பிப் வர்க்கத்தின் பெயரால் கூசினான். இவன் ஆண் என்பதற்காகவும், அவள் கண்ணுக்குத் தான் என்னவாகத் தெரிந்தோம் என்பதற்காகவும் கூசுகிறான்.

கதை எழுத முயல்பவர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

என் கைக்கு வரும் தொடக்கநிலைப் படைப்புகளில் பெற்றோர் கொடியவர்களாகவோ தியாகிகளாகவோ இருக்கிறார்கள். நண்பர்கள் நாயகன் பேசக் காதுகொடுப்பதற்காகவே இருக்கிறார்கள். இரண்டும் வேலைக்காகாது. நண்பனுக்கென்று ஒரு வீடும் ஒரு பசியும் வேண்டும். தகப்பனிடம் ஒரு நல்ல தீர்மானம் இருக்கட்டும், அதனால் பிள்ளை படும் துன்பமும் தெரியட்டும். 'பாசம்', 'புறக்கணிப்பு' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி கிரேவியும் விழுந்துகொண்டே இருக்கும் ஒரு தொப்பியும் கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் காட்சி இன்னும் உங்களுக்குள் நடக்கவில்லை என்று பொருள்.

நாவலுக்கு இரண்டு முடிவுகள் என்கிறார்களே, எது சரி?

டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில், மறுமணம் செய்துகொண்ட எஸ்டெல்லாவைப் பிப் லண்டன் தெருவில் சற்று நேரம் பார்த்துப் பிரிகிறான். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு, பாழடைந்த மாளிகைத் தோட்டத்தில் இருவரும் கைகோத்து வெளியேறுவதாக மாற்றினார். முதல் முடிவே கறாரானது என்பது என் கட்சி.

ஆனால் எங்கள் கேள்விக்கு அந்த இரண்டுமே அவ்வளவு முக்கியமில்லை. இரண்டிலும் மாறாத ஒரு காட்சி அதற்குச் சற்று முன்னால் வருகிறது. பதினொரு ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டுப் பிப் ஊர் திரும்புகிறான். கதவைத் திறந்தால், கணப்பின் அருகே, அவனுடைய பழைய முக்காலியில், ஜோவுக்கும், அக்காள் இறந்த பிறகு அவர் மணந்த பிட்டிக்கும் பிறந்த பையன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் பிப் என்றே பெயர். மறுநாள் காலை பெரியவன் சின்னவனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், ஒரு குறிப்பிட்ட கல்லின்மேல் தூக்கி உட்கார வைக்கிறான். பையன் அந்த உயரத்திலிருந்து, எந்தக் கல் யாருடையது என்று அவனுக்கு விரல் நீட்டிக் காட்டுகிறான்.